அக்காவின் உடையில் வந்த தூசி

கிழக்கு லண்டனில் ஒரு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆலை. 1925இல் ஒரு பெண் அங்கே நூற்பு வேலைக்குச் சேர்ந்தார். பஞ்சுக்குப் பதிலாகக் கல்லிலிருந்து பிரித்தெடுத்த நார். மற்றபடி எந்த நூற்பாலையிலும் நடக்கும் வேலைதான். 1936 வரை அங்கிருந்தார். 1947இல் ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது கல்நார்த் தூசியால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், அவர் உயிரைக் குடித்தது. அதில் யாருக்கும் வியப்பில்லை. அந்த நோய் அத்தகைய ஆலைத் தொழிலாளர்களுக்கு வரும் என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

வியப்பு அவருடைய தம்பியிடம் இருந்தது. அக்கா அந்த ஆலைக்குப் போய்வந்த நாட்களில் அவனுக்கு எட்டு, ஒன்பது வயது. கல்நார் வேலை எதையும் அவன் செய்ததில்லை. வளர்ந்து ஆளான பிறகு, 1956இல், நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் புற்றுநோய் கண்டு இறந்துபோனார். மீசோதீலியோமா என்பது அந்தப் புற்றின் பெயர். சாதாரண மக்களிடையே மிக மிக அரிது. கல்நாரோடு தொடர்பு இருந்தவர்களிடம்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

மாலி நியூஹவுஸ், ஹில்டா தாம்ப்சன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தக் குடும்பத்தின் கதை ஓரிரு வரிகளில் வந்துபோகிறது. லண்டன் மருத்துவமனையின் பழைய கோப்புகளைத் தோண்டி, மீசோதீலியோமா நோயாளிகளில் 76 பேரின் வாழ்க்கை விவரங்களை அவர்கள் திரட்டினார்கள். எங்கே வேலை, எங்கே வீடு, வீட்டில் யார் யாருக்கு என்ன வேலை என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். நோயாளி இறந்திருந்தால் உறவினரைத் தேடிப் போய்க் கேட்டார்கள். 76 பேரில் 40 பேருக்குக் கல்நாரோடு வேலை வழியிலோ வீட்டு வழியிலோ தொடர்பு இருந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட வேறு நோயாளிகள் 76 பேரில் அப்படிப்பட்டவர்கள் ஒன்பதே பேர்.

அந்த 40 பேரில் ஒன்பது பேர் ஆலைப் பக்கம் வேலைக்கே போகாதவர்கள். ஏழு பெண்கள், இரண்டு ஆண்கள். பெண்களில் பெரும்பாலானோர் செய்தது, கணவரின் வேலை உடையைத் துவைத்தது. ஆண்கள் இருவரும் சிறுவர்களாக இருந்தபோது அக்காமார் ஆலைக்குப் போய்வந்தார்கள். அவ்வளவுதான். வேலை, வீடு என்ற எந்தத் தொடர்பும் இல்லாத மீதிப் பேரிலும் பத்தில் மூவர் ஏதோ ஒரு கல்நார் ஆலையிலிருந்து அரை மைல் தொலைவுக்குள் குடியிருந்தவர்கள். முதன்முதலாகத் தூசி பட்டதற்கும் கடைசி நோய் தொடங்கியதற்கும் இடையே சராசரியாக 37 ஆண்டுகளுக்கு மேல். சிலருக்கு 55 ஆண்டுகள்கூட.

இந்த இடைவெளியைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கல்நாரின் சாமர்த்தியம் முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஐம்பது வயது நோயாளி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, “உங்களுக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பாவுக்கு என்ன வேலை?” என்று எந்த மருத்துவருக்குக் கேட்கத் தோன்றும்?

தென்னாப்பிரிக்காவில் சிலருக்குத் தோன்றியது. கிம்பர்லி நகரின் காசநோய் மருத்துவமனையில் இருந்த ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நெஞ்சுச் சவ்வில் நீர் கோத்து வரும் நோயாளிகளில், நகருக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் காசநோய் மருந்துக்குக் குணமானார்கள். மேற்கிலிருந்து வந்தவர்களில் பலர் குணமாகவில்லை. மேற்கே இருந்தவை நீலக் கல்நார் என்ற வகையின் சுரங்கங்கள். நோயியலாளர் கிறிஸ் வாக்னர், அறுவை மருத்துவர் மார்ச்சண்ட் ஆகியோரோடு சேர்ந்து 1960இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 33 மீசோதீலியோமா நோயாளிகள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தச் சுரங்க வட்டாரத்தோடோ நீலக் கல்நாரோடோ தொடர்பு இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. தொழில்களின் பட்டியலைப் பார்த்தால்தான் திகைப்பு: வீட்டுப் பெண்கள், வீட்டு வேலைக்காரர்கள், மாடு மேய்ப்பவர்கள், விவசாயிகள், ஒரு காப்பீட்டு முகவர், ஒரு கணக்கர். சுரங்கத்தில் இறங்காமலே நோய் வாங்கியவர்கள் பலர். அந்த ஊர்களில் பிறந்து, கழிவுக் குவியல்களைச் சுற்றி விளையாடி, பிறகு எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள். பாறையைச் சுத்தியலால் தட்டி நாரைப் பிரிக்கும் வேலையைப் பெண்களும் பிள்ளைகளும்தான் செய்தார்கள். எனவே ‘சுரங்கத்துக்கு வெளியே’ என்ற சொல்லுக்கே அங்கு பெரிய பொருள் இல்லை.

ஒரு கல்லுக்கு இது எப்படிச் சாத்தியம்?

கல்நார் என்பது ஒரே கனிமம் அல்ல, நாராகப் பிரியும் ஆறு கனிமங்களுக்கான பொதுப் பெயர். வாழைநாரை நகத்தால் கிழித்துப் பார்த்திருப்பீர்கள். நீளவாக்கில் மட்டுமே பிரியும், பிரியப் பிரிய மெல்லியதாகும், குட்டையாகாது. கல்நாரும் அப்படித்தான். கண்ணாடி இழை ஒடிந்தால் குறுக்கே ஒடிந்து துண்டாகும். கல்நாரோ நெடுக்கே பிளந்து, ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துகொண்டே போகும். நீலக் கல்நாரின் ஓர் இழை ஒரு மைக்ரோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனோ அதற்கும் குறைவோ இருக்கும். தலைமுடி ஒன்றை நெடுக்காகச் சில நூறு கீற்றுகளாகப் பிளந்தால் வரும் தடிமன். இவ்வளவு மெல்லிய இழை காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். தரையில் படிந்தாலும், யாராவது நடந்தால், பெருக்கினால், துணியை உதறினால் மறுபடியும் எழும். ஆகவே வீட்டுக்குள் வந்த தூசி வந்த அன்றோடு போய்விடுவதில்லை. ஆலையில் தொழிலாளி எட்டு மணி நேரம் இருப்பார். தவழும் குழந்தைக்கோ அந்தத் தரைதான் இருபத்துநான்கு மணி நேரமும்.

மூச்சோடு போகும் பெரும்பாலான தூசியை மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழலும் தடுத்துச் சளியோடு வெளியே தள்ளிவிடும். மெல்லிய நாரோ காற்றின் போக்கிலேயே நேராகப் பயணித்து, நுரையீரலின் கடைசி அறைகள்வரை போய்விடுகிறது. அங்கே காவலுக்கு இருப்பவை பெருவிழுங்கிகள் எனப்படும் வெள்ளணுக்கள். கிருமியோ தூசியோ எதுவானாலும் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக் கரைத்துவிடுவது அவற்றின் வேலை. பெருவிழுங்கியின் குறுக்களவு சுமார் 15 முதல் 20 மைக்ரோமீட்டர். நார் அதைவிட நீளமாக இருந்தால் விழுங்க முடியாது. பாதியை உள்ளே இழுத்து, மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மூடமுடியாத வாயோடு அந்த அணு தத்தளிக்கும். கரைப்பதற்காகத் தயாரித்த நொதிகளும் வினைமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளும் வெளியே கசிந்து பக்கத்துத் திசுக்களைப் புண்ணாக்கும். பெருவிழுங்கி செத்துவிழும். இன்னொன்று வரும். அதற்கும் அதே கதி. நாருக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுப்பில் எரியாத, எளிதில் சிதையாத பொருள் அது. அந்தக் குணத்துக்காகத்தானே உலகமே அதை வாங்கியது!

சில நார்கள் நிணநீரின் போக்கில் நகர்ந்து நெஞ்சுச் சவ்வின் வெளிப்படலத்தில் இருக்கும் நுண்துளைகளில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. குட்டையான தூசி அந்தத் துளை வழியே வடிந்துபோகும். நீளமானது அடைத்துக்கொண்டு கிடக்கும். அங்கே அழற்சி ஆண்டுக்கணக்கில் நீறுபூத்துக் கிடக்கிறது. அந்த அழற்சியிடையே சவ்வின் அணுக்கள் செத்து, ஈடுகட்டப் பிரிந்து, பிரியும்போது மரபணுவில் ஒரு பிழை, பத்தாண்டு கழித்து இன்னொரு பிழை. கட்டுப்பாட்டு மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, ஒருநாள் ஓர் அணு தறிகெட்டுப் பெருகத் தொடங்குகிறது. இத்தனை படிகளையும் கடக்கத்தான் முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகள்.

இப்போது குழந்தைக்கு வருவோம். குழந்தையின் நுரையீரல் மென்மையானது, அதனால்தான் ஆபத்து அதிகம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பிரிட்டன் அரசுக்குப் புற்றுநோய்க் காரணிகள் பற்றி ஆலோசனை சொல்லும் அறிவியல் குழு 2013இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. மென்மையா இல்லையா என்பதற்குப் போதிய சான்று இல்லை, முடிவு சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டது. ஆனால் வேறொன்றைத் தெளிவாகச் சொன்னது. ஒரே அளவு கல்நார் ஐந்து வயதுக் குழந்தைக்கும் 25 வயதுக்காரருக்கும் பட்டால், வாழ்நாளில் மீசோதீலியோமா வரும் வாய்ப்பு குழந்தைக்குச் சுமார் மூன்றரை மடங்கு. முப்பது வயதுக்காரரோடு ஒப்பிட்டால் சுமார் ஐந்து மடங்கு.

நுரையீரல் ஒன்றேபோல் என்று வைத்துக்கொண்டாலும் இந்த வேறுபாடு வருவது காலக் கணக்கால். ஜூலியன் பீட்டோ என்ற புள்ளியியலாளர் 1980களின் தொடக்கத்தில் காட்டியது இது: மீசோதீலியோமா வரும் விகிதம், முதன்முதலில் கல்நார் பட்டதிலிருந்து கழிந்த ஆண்டுகளின் கிட்டத்தட்ட மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. இருபது ஆண்டில் இருந்ததைவிட நாற்பதாம் ஆண்டில் இரு மடங்கல்ல, எட்டு மடங்குக்கு மேல். இன்னும் தள்ளிப் போனால் அந்த ஏற்றம் தணிகிறது என்று பின்னாளைய இத்தாலியத் தரவுகள் காட்டுகின்றன. இருந்தாலும் கணக்கின் சாரம் மாறவில்லை. ஐம்பது வயதில் நாரைச் சுவாசித்தவர், அது தன் வேலையை முடிப்பதற்குள் வேறு ஏதாவது காரணத்தால் இறந்துவிடலாம். ஐந்து வயதுக் குழந்தையிடம் அந்த நாருக்கு வேண்டிய காலம் முழுவதும் இருக்கிறது.

இந்தக் கணக்கை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூமுக்குப் போக வேண்டும். போகவும் முடியாது, 2007இல் அந்த ஊரின் பெயரையே அரசு பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டது. 1943 முதல் 1966 வரை அங்கே நீலக் கல்நார் தோண்டினார்கள். மிஞ்சிய கழிவைச் சாலைக்குக் கொட்டினார்கள், குதிரைப் பந்தயத் திடலுக்குக் கொட்டினார்கள், பள்ளி வளாகத்தில் கொட்டினார்கள், வீட்டு முற்றத்தில் செம்மண் தூசி பறக்காமலிருக்க அதையே பரப்பினார்கள். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து மணல் வீடு கட்டினார்கள். பதினைந்து வயதுக்கு முன் அங்கே வாழ்ந்த 2,460 பேரை ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து தேடிப் பட்டியலிட்டு, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். 2013இல் வந்த முடிவில், மற்ற மேற்கு ஆஸ்திரேலியர்களைவிட இவர்களிடம் மீசோதீலியோமா வெகுவாக அதிகம். பெண்களிடம் சினைப்பைப் புற்றும் கூடியிருந்தது. அவர்களில் பலர் ஊரைவிட்டுப் போனபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆர்ம்லி என்ற பகுதியில் நடந்தது இன்னும் நெருக்கமானது. ஜே. டபிள்யு. ராபர்ட்ஸ் கல்நார் ஆலை நெருக்கமான வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்தது. ஆலையின் சரக்கு ஏற்றும் மேடையில் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அவற்றின்மீது ஏறிக் குதிப்பார்கள். ஜன்னல் விளிம்பில் படிந்த வெண்தூசியில் விரலால் பெயர் எழுதுவார்கள். தெருவில் அதைத் திரட்டி உருண்டை பிடித்து, பனி உருண்டை எறிவதுபோல் ஒருவர்மேல் ஒருவர் எறிவார்கள். ஜூன் ஹான்காக் அந்தப் பிள்ளைகளில் ஒருவர். அவருடைய தாய் 1982இல் மீசோதீலியோமாவில் இறந்தார். ஆலை 1950களின் கடைசியிலேயே மூடப்பட்டிருந்தது. 1994இல் ஜூனுக்கும் அதே நோய்.

அவர் வழக்குப் போட்டார். ‘தொழிலாளிக்கு நாங்கள் பொறுப்பு, தெருவில் விளையாடிய பிள்ளைக்கு எப்படிப் பொறுப்பாவோம்?’ என்பதுதான் நிறுவனத் தரப்பின் வாதத்தின் சாரம். 1995 அக்டோபரில் நீதிபதி ஹாலண்ட் அதை ஏற்கவில்லை. சரக்கு மேடையில் ஆலைக்குள் இருப்பதைப் போலவே தூசி இருந்திருக்கிறது, தூசி கெடுதல் என்று நிறுவனத்துக்கு 1930களிலேயே தெரிந்திருக்க வேண்டும். அப்படியிருக்க, கடமை மட்டும் ஆலைச் சுவரோடு நின்றுவிடாது என்பது தீர்ப்பு. மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஜூன் ஹான்காக் 1997இல் இறந்தார். அவர் பெயரில் அமைந்த நிதி இன்றும் மீசோதீலியோமா ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது.

ஆனால் எல்லா நீதிமன்றங்களாலும் இந்த நோயின் காலத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. இத்தாலியின் கசாலே மோன்ஃபெர்ராட்டோவில் எட்டர்னிட் நிறுவனத்தின் ஆலை 1907 முதல் 1986 வரை ஓடியது. குழாய்களைக் கடையும்போது உதிரும் தூளை ஊர்க்காரர்கள் எடுத்துப் போய்ப் பரணிலும் முற்றத்திலும் பரப்பினார்கள், குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று. கணவர்மாரின் வேலை உடையை வீட்டில்தான் துவைத்தார்கள். அந்த ஆலைத் தொழிலாளர்களின் மனைவியர் 1,780 பேரை ஆராய்ந்தபோது, நெஞ்சுச் சவ்வுப் புற்றால் ஒருவர் இறந்திருந்தால் இயல்பு என்ற இடத்தில் 21 பேர் இறந்திருந்தார்கள். நிறுவனத்தை நடத்தியவர்மீது வழக்கு வந்தது, கீழ் நீதிமன்றங்கள் சிறைத்தண்டனை கொடுத்தன. 2014 நவம்பரில் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. குற்றம் நடந்த காலத்தை ஆலை மூடிய 1986லிருந்து எண்ண வேண்டும், அப்படி எண்ணினால் காலவரம்பு கடந்துவிட்டது என்று காரணம் சொன்னது. அங்கே இன்னும் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள். நோய்க்கு இல்லாத காலவரம்பு சட்டத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஊர் தெருவுக்கு வந்தது. பின்னர் தனித்தனி மரணங்களுக்காக வேறு வழக்குகள் தொடங்கின.

இதைப் படிக்கும் பலர் தலைக்கு மேலே பார்த்திருப்பார்கள். நம் ஊர்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு, மாட்டுக்கொட்டகை, மாடியறை இல்லாத தெரு அபூர்வம். அவசரப்பட்டுப் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அந்த ஷீட்டில் இருப்பது வெள்ளைக் கல்நார். எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, மீதியெல்லாம் சிமென்ட். வெள்ளைக் கல்நாரின் இழை, மக்னீசியமும் சிலிக்காவும் அடுக்கான ஒரு தகடு சுருண்டு குழலானது. நுரையீரலின் அமிலச் சூழலில் அந்த மக்னீசியம் மெல்லக் கரைந்து இழை பலவீனமாகும். அதனால் மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை நீலத்தைவிட வெள்ளை பல மடங்கு வலுக்குறைந்தது. ‘அப்படியென்றால் பாதுகாப்பானது’ என்று வியாபாரிகள் அடுத்த வரியை எழுதிக்கொள்கிறார்கள். அது பொய். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சினைப்பைப் புற்றுகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

முழுசாக, விரிசலின்றிக் கிடக்கும் ஷீட்டில் நார் சிமென்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. துளை போடும்போதும், ரம்பத்தால் அறுக்கும்போதும், பழைய கூரையைப் பிரித்து மேலிருந்து வீசி உடைக்கும்போதும்தான் அது அவிழ்கிறது. உடைந்த துண்டால் பிள்ளைகள் தரையில் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவதையும், கொத்தனார் அறுத்த தூளை அம்மா துடைப்பத்தால் பெருக்குவதையும் பார்க்காதவர் குறைவு. செய்யக்கூடியது எளிதுதான். ஈரப்படுத்தாமல் கை வைக்கக் கூடாது. உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் கட்டிப் போட வேண்டும். வேலை நடக்கும் நாளில் பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

இந்தியா கல்நாரைத் தோண்டுவதைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. இறக்குமதி செய்து ஷீட் செய்வதை மட்டும் விடவில்லை; பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வருகிறது. இலங்கை விட்டுவிடப் பார்த்தது. 2018இலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024க்குள் முற்றாக நிறுத்துவதாக அறிவித்தது. 2017 டிசம்பரில், இலங்கையிலிருந்து போன தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. சில நாட்களுக்குள் கொழும்பு கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலைக்கு மறுபடியும் வழி திறந்தது.